செவலை இருந்த வீட்டுக்கு இரண்டு குட்டிகள் வந்திருக்கின்றன

செவலை போய் நான்கு மாதம் ஆன பிறகும் குளியலறைக் கதவை நான் முழுதாகச் சாத்தியதில்லை. ஒரு பூனை நுழையும் அளவுக்குத் திறந்து வைத்துவிட்டுத்தான் குளிப்பேன். சாத்தினால் அவள் வெளியே உட்கார்ந்து கதவைப் பிராண்டிக்கொண்டே கத்துவாள், அப்படி ஒட்டிக்கொண்ட 14 வருடப் பழக்கம் அது. இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே நடப்பேன், நடுவழியில் எங்காவது படுத்திருப்பாள் என்று. வாஷிங் மெஷினை ஓடவிடுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டு ஒருமுறை துழாவுவேன். தூங்கும்போது கால்மாட்டில் அவளுக்கு இடம் விட்டு முழங்காலை மடக்கியே படுப்பேன், காலையில் முட்டி வலிக்கும். அவள் இல்லை என்று எனக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை.

இப்போது அதே கதவிடுக்கில் இரண்டு குட்டி மூக்குகள் நுழைகின்றன. அவர்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் செவலையைச் சொல்லாமல் இவர்களைச் சொல்ல எனக்கு வரவில்லை.

செவலை என்பது மாட்டின் நிறத்தைச் சொல்கிற சொல். உள்ளங்கையில் அடங்குகிற செம்மஞ்சள் குட்டியாக அவள் வந்த அன்று அம்மா அப்படிக் கூப்பிட்டார், அதுவே பெயராக நின்றுவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "கடுவனா?" என்றுதான் கேட்பார்கள். செம்மஞ்சள் பூனைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு கடுவனாகத்தான் இருக்கும். அந்த நிறத்தைத் தருகிற மரபணு மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு இருக்கிற ஒரே எக்ஸில் அது இருந்தால் போதும், பெண்ணுக்கு இரண்டு எக்ஸிலும் இருந்தால்தான் உடம்பு முழுக்க அந்த நிறம் வரும். அந்த மாற்றம் எது என்பதை 2025-ல்தான் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியாக ஆராய்ந்த இரண்டு குழுக்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள், டி.என்.ஏ.-வில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதுதான் காரணமாம். அந்தச் செய்தியை நான் படித்தபோது அவள் இல்லை. "இங்க பாரு, உன்னைப் பத்தி எழுதியிருக்காங்க" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்து, மடியைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

என் மகனுக்கு 10 வயது. அவன் பிறந்ததிலிருந்து அவள் இல்லாத வீட்டைப் பார்த்ததில்லை.

அவளுக்கு வந்தது நாள்பட்ட சிறுநீரக நோய். வயதான பூனைகளுக்கு அடிக்கடி வருகிற நோய்தான். முதலில் தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாக ஆரம்பித்தது. நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாளே என்று நான் சந்தோஷப்பட்டேன். அவள் சிறுநீர் கழிக்கிற மண் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாயின, அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன். சிறுநீரகத்தால் சிறுநீரைச் செறிவாக்க முடியாமல் போகும்போது உடம்பிலிருக்கும் தண்ணீர் அப்படியே வெளியே போய்விடும், அதை ஈடுகட்டத்தான் பூனை அப்படிக் குடிக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, ஏறியிருக்கிறது என்று தெரியும்போது சிறுநீரகத்தின் திறனில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த முக்கால் பங்கும் போய்க்கொண்டிருந்த நாட்களில் நான் கிண்ணத்தை நிரப்பி நிரப்பி வைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது ஏழெட்டு வயது தாண்டிய பூனை இருந்தால் தயவுசெய்து வருடத்துக்கு ஒரு தடவையாவது ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுங்கள். பூனை வெளியே காட்டாது. வலியையும் நோயையும் கடைசி வரைக்கும் மறைத்து வைக்கிற பிராணி அது.

அதற்குப் பிறகு 11 மாதம் இருந்தாள். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றக் கற்றுக்கொண்டேன். தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும், முதல் வாரம் என் கைதான் நடுங்கியது, அவள் நடுங்கவில்லை. மகன் எதிரே உட்கார்ந்து அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே ஒன்று இரண்டு என்று எண்ணுவான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவள் எடையை எழுதிவந்தோம். 4.1 கிலோ. 3.8. 3.4. 2.9. அதற்குப் பிறகு எழுதவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுக் கிண்ணத்தின் முன்னால் வந்து உட்கார்ந்து, முகர்ந்துவிட்டு, என்னைப் பார்த்தாள். மறுநாளும் அப்படியே. கருணை ஊசி போடலாமா என்ற பேச்சை டாக்டர் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். என் மடியில்தான் போனாள். ஒரு நாள் முன்னால் செய்திருக்கலாமோ, ஒரு நாள் தள்ளியிருக்கலாமோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டு பக்கமும் ஓடுகிற கேள்வி அது, எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

மறுவாரமே "இன்னொண்ணு வளர்த்துக்கோயேன், சரியாப் போயிடும்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஒருவர் கேட்காமலேயே ஒரு குட்டியைக் கொண்டுவந்து தரப் பார்த்தார், அதை மட்டும் நான் கறாராக மறுத்தேன். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் கேட்காமல் உயிருள்ள ஒன்றைக் கொடுக்கக் கூடாது. அந்தக் குட்டிக்கும் அது அநியாயம், தன்னைப் பார்த்து அழுகிற வீட்டில் அது எப்படி வளரும்? அதே சமயம், இத்தனை மாதம் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த பூனை என்று கணக்குச் சொல்கிறவர்களையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. மறுநாளே கொண்டுவருகிறவர்கள் செத்துப்போன பூனையைக் குறைவாக நேசித்தவர்கள் கிடையாது. இனிமேல் வேண்டாம் என்று இருப்பவர்களும் சரிதான். எனக்கு நான்கு மாதம் ஆனது. அதற்குள் துக்கம் குறைந்ததா என்றால் இல்லை. கை சும்மா இருந்ததுதான் தாங்க முடியவில்லை. விடிகாலையில் 5 மணிக்கு விழித்துக்கொள்வேன், சாப்பாடு வைக்க. யாருக்கும் வைக்க வேண்டியதில்லை.

தெரிந்த பெண் ஒருவர், ஆதரவில்லாத குட்டிகளை வீட்டில் வைத்துப் பாலூட்டி வளர்த்து, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கிறவர். வண்டியில் அடிபட்டு இறந்த ஒரு தாய்ப்பூனையின் இரண்டு குட்டிகள் அவரிடம் வந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. "எட்டு வாரம் முடிஞ்சிருச்சு. பிரிச்சுத் தர மாட்டேன். கட்டாயம் இல்லை, சும்மா வந்து பாருங்க" என்றார். மகன் என் முகத்தையே பார்த்தான். "பாத்துட்டு மட்டும் வருவோம்மா." சரி என்றேன்.

இரண்டாகத் தருவேன் என்று அவர் சொன்னது வெறும் இரக்கத்தால் இல்லை. குட்டிகள் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கின்றன. ஒன்று அதிகமாகக் கடித்தால் இன்னொன்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், கடித்தது புரிந்துகொள்ளும். தனியாக வளர்கிற குட்டி அதை நம் கையில் பழகும். செவலை தனியாகத்தான் வளர்ந்தாள். என் வலது மணிக்கட்டில் இன்னும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது, இப்போது அதைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

ஒன்று முழுக் கறுப்பு, பெண். இன்னொன்று சாம்பலில் கருங்கோடுகள் போட்ட கடுவன், பயந்த சுபாவம், பெட்டியின் மூலையிலேயே இருந்தது. கறுப்பு நேராக வந்து என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. பார்த்துவிட்டு மட்டும் வரவில்லை.

அவர்களைக் கொண்டுவருவதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது, செவலையின் சாமான்கள். டாக்டரிடம் கேட்டேன். அவளுக்கு வந்த சிறுநீரக நோய் தொற்றாது, கழுவி உபயோகிக்கலாம் என்றார். ஆனால் முன்பு இருந்த பூனை பார்வோ வைரஸில், அதாவது பன்லூகோபீனியா என்கிற தொற்றுநோயில், இறந்திருந்தால் கதையே வேறு. அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் வரைக்கும்கூட உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது, பிளீச் வேண்டும், தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்குள் விடவே கூடாது. அதனால் எந்த நோயில் போனது என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கிண்ணங்களைக் கழுவினேன். கூடையை வெயிலில் காய வைத்தேன். அவள் போர்வையை மட்டும் துவைக்கவில்லை, முடியோடு மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன், அது எனக்கு.

இன்னொன்றையும் நான் தொடவில்லை. கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகிற வழியில் நிலைக்கால் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. பூனைக்குக் கன்னத்தில் சுரப்பிகள் உண்டு, போகும்போதும் வரும்போதும் ஓரங்களில் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாடையை வைத்துவிட்டுப் போகும். 14 வருடம் ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து அந்த மரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படிந்துவிட்டது, சரியாக அவள் கன்னத்தின் உயரத்தில். அம்மா வருடா வருடம் வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அதைத் திட்டிக்கொண்டே துடைப்பார். இந்த வருடம் துணியை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றார், பிறகு அடுத்த நிலையைத் துடைக்கப் போய்விட்டார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

முதல் இரவைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. வெறுப்பு இல்லை, ஆனால் தூக்கினால் எடை தவறாக இருந்தது, முடி தவறாக இருந்தது, குரல் கீச்சென்று தவறாக இருந்தது. எல்லாவற்றிலும் அவளை அளந்து பார்த்தேன், எட்டு வாரக் குட்டி அந்த அளவுக்கு எப்படி வரும்? அவர்களுக்கு ஒதுக்கிய சின்ன அறையில், அம்மா சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாதான் செவலை அடுப்படிக்குள் வந்தால் கரண்டியைக் காட்டித் துரத்தியவர். மகன் கதவுக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை. கூப்பிட்டதற்கு, "தொட்டா செவலை கோவிச்சுக்குவா" என்றான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மாதான் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "அவ ஏன்டா கோவிச்சுக்கப் போறா? அம்மா இல்லாம வந்து நிக்கிதுங்க ரெண்டும். வந்து பாட்டிலைப் பிடி." அவன் வந்து பிடித்தான். கொஞ்ச நேரத்தில் சாம்பல் குட்டி அவன் முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் தலையை நுழைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. செவலை தூங்குகிற இடம் அது. அவன் ஒரு மணி நேரம் அசையவில்லை. அசையாமல் எப்படி உட்காருவது என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, அறையை விட்டு வெளியே போய் அழுதேன்.

அங்கிருந்துதான் எனக்கு மாறத் தொடங்கியது. மறுநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவிடுக்கில் கறுப்பு மூக்கு. இரவில் தரையோடு தேய்த்து நடந்த காலில் மெத்தென்று ஒன்று பட்டது, மிதிக்கவில்லை. வாஷிங் மெஷினுக்குள் துழாவிய கையில் ஒரு நாள் நிஜமாகவே ஒரு குட்டி தட்டுப்பட்டது. அந்த நாளை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. நாலு மாதமாக யாருக்கும் பயனில்லாமல் என் உடம்பில் கிடந்த பழக்கம் ஒரு உயிரைக் காப்பாற்றியது. அதைச் செய்தது நான் என்று எனக்குத் தோன்றவில்லை, செவலை என்றுதான் தோன்றியது.

எடை நோட்டுப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். வேறு நோட்டு வாங்கலாம் என்று நினைத்து, வேண்டாம் என்று அதிலேயே அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். இந்த வயதில் ஒரு குட்டி வாரத்துக்குக் கிட்டத்தட்ட 100 கிராம் ஏற வேண்டும். கறுப்புக்குட்டி 760 கிராமிலிருந்து அடுத்த வாரம் 870. சாம்பல் 710, அடுத்த வாரமும் 710. சாப்பிடுகிறான், வயிறு மட்டும் பந்து மாதிரி இருக்கிறது, முதுகெலும்பு கைக்குத் தட்டுகிறது. நான் பட்ட பதற்றம் கொஞ்சமில்லை, ஒருமுறை கோட்டைவிட்ட கண் இது. டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார், உருண்டைப்புழு. தாய்ப்பால் வழியாகவே குட்டிகளுக்கு வந்துவிடும், மிகச் சாதாரணம், ஒரு தடவை மருந்து கொடுத்தால் போதாது, இரண்டு வாரம் இடைவெளி விட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டும். கொடுத்தோம். பத்து நாளில் 830. அந்த எண்ணை மகன் சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டான். எதிர்ப்பக்கத்தில் 2.9 என்று முடிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு இருக்கின்றன, அப்படியே இருக்கட்டும்.

புதிதாகக் குட்டி கொண்டுவருகிறவர்களுக்கு, முக்கியமாக என்னைப் போலக் கிழப் பூனையோடு பல வருடம் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு, ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வீட்டில் எது ஆபத்து என்பதை நாம் மறந்திருப்போம். செவலை பல வருடமாக நூலைத் திரும்பிப் பார்த்ததில்லை, அதனால் அம்மாவின் தையல் டப்பா திறந்தே கிடக்கும். குட்டிகள் நூலை விழுங்கும், பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் உள்நோக்கி இருப்பதால் துப்பவும் முடியாது, நூல் குடலைச் சுருக்கிக் கிழித்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் ஓடுங்கள். கட்டி பிடிக்கிற மணலைச் சின்னக் குட்டிகள் தின்று பார்க்கும், கொஞ்சம் வளரும் வரைக்கும் கட்டி பிடிக்காததைப் போடுங்கள். பசும்பால் வேண்டாம், பேதியாகும். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், அதைச் செரித்து வெளியேற்றுகிற வழி அதன் கல்லீரலில் சரியாக இல்லை. அப்புறம் லில்லிப் பூ. ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் கொண்டுவந்த பூங்கொத்தில் அது இருந்தது. இலை, இதழ், முடியில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூட, ஏன், பூ நின்ற தண்ணீரைக் குடித்தால்கூட, இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். சிறுநீரகம் என்ற சொல்லையே கேட்கப் பயப்படுகிற வீடு இது. நல்லவேளை, குட்டிகள் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பூங்கொத்து வாடிப் போயிருந்தது.

தடுப்பூசிகள் போட்டுக்கொண்டிருக்கிறோம், 16 வாரம் வரைக்கும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. கருத்தடையும் ஐந்தாவது மாதத்துக்குள் செய்துவிடுவோம், நான்கு மாதத்திலேயே பெண்குட்டி சினையாகக்கூடும் என்பதால் அதில் தள்ளிப்போடுகிற யோசனையே இல்லை, கூடப் பிறந்த கடுவனும் அதே வீட்டில்தானே இருக்கிறான்.

பெயர் வைக்க மூன்று வாரம் ஆனது. கறுப்பு, மை. சாம்பல், புழுதி. வெயிலில் தரையில் படுத்து உருண்டுவிட்டு எழுந்தால் தரைக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் மகன் வைத்த பெயர். அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ தடவை வாய் தவறி மையைச் செவலை என்று கூப்பிட்டிருக்கிறேன். முதல் தடவை கூப்பிட்டபோது வீடே நின்றுவிட்டது. இப்போது அம்மாவும் கூப்பிடுகிறார், என்னை அழைக்கும்போது என் தங்கை பெயர் வாயில் வருமே, அதே மாதிரி. இந்த வீட்டில் அந்தப் பெயர் இன்னும் சத்தமாகச் சொல்லப்படுகிறது என்பது எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது.

செவலையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து மெதுவாகக் கண்ணை மூடித் திறப்போம். எங்களுக்குள் இருந்த பேச்சு என்று நினைத்திருந்தேன். 2020-ல் இங்கிலாந்தில் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, நாம் கண்ணைச் சுருக்கி மெதுவாக இமைத்தால் பூனைகளும் பதிலுக்கு அப்படிச் செய்கின்றன, முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் அப்படி இமைத்தவரிடம் அதிகம் நெருங்கி வருகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். புழுதி யாரிடமும் வராதவன். மகன்தான் தினமும் தூர நின்று அவனுக்கு இமைத்துக்கொண்டிருந்தான், செவலையிடம் பழகிய அதே மாதிரி, அவசரப்படாமல். ஒன்பது நாள் எதுவும் நடக்கவில்லை. பத்தாவது நாள் அலமாரிக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் மெல்ல மூடின, மெல்லத் திறந்தன. "அம்மா, அவனும் பேசுறான்!" என்று கத்தினான் பையன், கத்தியதில் புழுதி மறுபடி உள்ளே ஓடிவிட்டான்.

அவளுடைய மணலைக் கொட்டிய தட்டு, கிண்ணம், கூடை எல்லாம் இப்போது இவர்களுடையது. போர்வை இன்னும் அலமாரியில் இருக்கிறது. நேற்று அலமாரி திறந்திருந்த நேரத்தில் மை உள்ளே ஏறி அதன் மேல் நின்று, வாயைக் கொஞ்சமாகத் திறந்தபடி அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். வாடையை அண்ணத்தில் இருக்கும் உறுப்புக்கு இழுத்துப் படிக்கும்போது பூனைகள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளும். என்ன படித்தாளோ. இறக்கிவிடக் கை நீட்டி, இறக்காமல் விட்டுவிட்டேன்.

இன்று காலை 5 மணிக்குச் சாப்பாடு வைக்கப் போகும்போது இரண்டும் காலைச் சுற்றிக்கொண்டே வந்தன. அடுப்படி நிலையைத் தாண்டும்போது புழுதி நின்று, அந்தப் பழுப்புக் கறைக்கு நேராகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மரத்தில் கன்னத்தைத் தேய்த்தான். எட்டவில்லை. இன்னும் நாலு விரற்கடை கீழேதான் இருக்கிறான்.